கண்ணை மூடிப் பாடிய பாட்டு

நீ என் பாட்டைக் கைவிட்டுவிட்டாய். மற்றபடி நான் நலம். நீயும் அத்தையும் நலமா?

நம் நியூ வேவ் ராக் பேண்டில் நீ பாடும் கச்சேரி வீடியோவை, இங்கே நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் போட்டேன். பேண்டின் அடையாளமே நான் எழுதிய ‘ஈரச் சுவர்’தான் என்றேன். இஸ்திரிக்காரர் சிரித்தார். “போப்பா, கீபோர்டுக்காரன் போட்ட ‘கடைசி பஸ்’தான். உன் வீட்டுக்காரம்மா அதை மட்டும்தானே கண்ணை மூடிப் பாடுறாங்க?”

வாதாடியதில் ஒரு ஓட்டல் விரிப்பைக் கருக்கிவிட்டேன். விரலில் சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே. பன்னிரண்டு மணி நேரம் யாரோ படுத்த விரிப்புகளைத் தேய்க்கிறேன். நான் விட்டுவந்த மைக்கில் அவன் நிற்கிறான்.

அடையாளப் பாட்டைக் கடைசியில்தான் பாட வேண்டும் என்று விதி வைத்தது நாம் இருவரும். இப்போது கடைசியில் அவன் பாட்டு. வரிசை எழுதுவது நீதானே?

என் பழைய ஹெட்போனை அனுப்பு, அறையில் எட்டுப் பேர் குறட்டை. வேலை மணி அடித்துவிட்டது. தனியாகச் சமைக்கும்போது எந்தப் பாட்டை முணுமுணுக்கிறாய்? அதை மட்டும் எழுது.