மச்சானுக்கு முதல் நாற்காலி

புரட்டாசி 2, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுகிறது, அப்படியே கரிவலம் பக்கம் போய்விடுகிறது. ஸ்பீக்கர் பெட்டிகளைத் துடைத்து வைத்தேன். ஒரு மைக் ஸ்டாண்டுக்குக் கால் ஆடுகிறது, எனக்கு ஆடுகிற மாதிரியே.

மகள் கோமு வந்துவிட்டாள். கூடவே மிலோஷ் என்கிற செர்பியாக்காரர். இரண்டு வருடம் அந்த ஊரில் ஒலி பற்றிப் படித்தாள் அல்லவா, அங்கே பழக்கம். நல்ல உயரம். என் கடை நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, அவரே சிரித்தார். பிடித்துப்போயிற்று.

அவர் கொண்டுவந்தவை:
1. குஸ்லே. ஒரே தந்தி, அதுவும் குதிரை மயிர். வில்லால் இழுக்க வேண்டும். உச்சியில் மரத்தில் செதுக்கிய ஆட்டுத்தலை.
2. ஃப்ருலா. சின்ன மரக்குழல்.
3. காய்தே. ஆட்டுத்தோல் பையில் காற்றை நிரப்பி, கக்கத்தில் இடுக்கி வாசிப்பது.

கோமு கொண்டுவந்தவை: லேப்டாப், ஒரு மூட்டை வயர், ஒரு தகரத் தட்டு.

"தட்டு எதுக்கு தாயி?"

"அதுவும் வாத்தியந்தாம்பா."

ஞாயிறு சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் கச்சேரி. மைக் செட் நான். ஒன்பதாவதோடு நின்றவன், உலக இசைக்கு மிக்சர் பிடிக்கிறேன்.

மனதில் ஓடுவது வேறு. மச்சான் அருணாசலம். என் வீட்டுக்காரியின் அண்ணன். மூன்று வருடத்துக்கு முன் அவன் பேத்தியின் காதுகுத்து. என் மைக்கையே வாங்கி, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "எம் மருமவ சத்தம் போடுததுக்குப் படிக்கப் போறாளாம்! ஏன், வீட்டுல அவ அப்பன் போடுத சத்தம் பத்தலியா?" சாம்பார் வாளியோடு நின்றவன்கூடச் சிரித்தான். கோமு இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். அன்று சாப்பிடவே இல்லை.

அவன் பேச வாங்கியதும் வால்யூமை ஏற்றிக் கொடுத்தது நான். தொழில் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பதில்.

புரட்டாசி 3, வெள்ளி

மழை இல்லை. வெற்றிலை பாக்கு, பழம், தட்டோடு மச்சான் வீட்டுக்குப் போனேன்.

"என்னவே மாப்ளே, வழி தப்பி வந்துட்டீரா?"

"தாய்மாமன் இல்லாம என்ன விசேஷம் மச்சான்? முதல் நாற்காலி உங்களுக்குத்தான். பொன்னாடையும் உண்டு."

"எப்ப?"

"கடைசில."

மீசையைத் தடவிக்கொண்டான். அங்கேதான் விழுந்தான். பொன்னாடை என்று சொல்லிவிட்டால் அது தோளில் விழும்வரை எந்தத் தாய்மாமனும் எழுந்திருக்க மாட்டான். எழுந்தால் மரியாதை போச்சு. முதல் நாற்காலிக்கு எதிரே என் பெரிய பேஸ் பாக்ஸ். ஒன்றரை மணி நேரம். சத்தம் பத்துதா மச்சான்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். "எங்க அண்ணனைப் போயி கூப்பிட்டியளா!" என்று இவள் கண் கலங்கிவிட்டாள். பருத்திப்பால் காய்ச்சிக் கொடுத்தாள். குடிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

புரட்டாசி 4, சனி

மண்டபத்தில் ஒத்திகை. வாங்க வேண்டியவை: டேப், ஸ்டாண்டுக்குப் போல்ட், பொன்னாடை (சரிகை அகலமாக, அவனுக்கு ஆசை வருகிற மாதிரி).

ஒத்திகையில் பாதி நேரம் நான் நாற்காலியோடு. அரை அடி முன்னால், பிறகு கால் அடி வலப்பக்கம். உட்கார்ந்து பார்த்தேன். பல் ஆடியது. நல்ல இடம்.

கோமு வந்து சொன்னாள்: "அப்பா, நடுவுல ஒரு இடம் வரும். என்ன கேட்டாலும் எதையும் தொடாதீங்க. அந்த இடத்துக்காகத்தான் மொத்தக் கச்சேரியும்."

"சரி தாயி" என்றேன். பெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

புரட்டாசி 6, திங்கள்

நேற்று எழுதக் கை வரவில்லை. காலையில் எழுதுகிறேன். தூறல்.

கூட்டம் பரவாயில்லை. மச்சான் வெள்ளை வேட்டி, விபூதி, முதல் நாற்காலி. கோமு ஒரு கனத்த சத்தத்தை இறக்கினாள், தரையே முனகுகிற மாதிரி. மச்சான் வேட்டி படபடத்தது. இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மிலோஷ் தோல்பையை அமுக்கினார். பனவடலியிலிருந்து வந்திருந்த ஆட்டுக்காரர் பின்னாலிருந்து, "செத்த பொறவும் இம்புட்டுக் கத்துதே வே!" என்றார். சிரிப்பு. பிறகு குழல். கோமு தகரத் தட்டின் விளிம்பில் வில்லை இழுத்தாள். சிரித்தவர்கள் அடங்கினார்கள்.

அப்புறம் மிலோஷ் குஸ்லேயோடு எழுந்து பெட்டி எதிரே வந்தார். கோமு மைக்கைத் தந்திக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பெட்டிச் சத்தம் திரும்ப மைக்கில் ஏறி, மைக் கூவ ஆரம்பித்தது. மெல்லிசாக, பிறகு ஏறி ஏறி.

முப்பது வருடத்தில் என் செட்டில் மைக் கூவினால் இரண்டு நொடிக்கு மேல் விட்டதில்லை. மைக் கூவுவதுதான் எங்கள் தொழிலில் மானக்கேடு. கை தானாகப் போயிற்று. மொத்தத்தையும் இறக்கிவிட்டேன்.

மண்டபம் செத்துப்போயிற்று. கோமு திரும்பிப் பார்த்தாள். காதுகுத்தில் இலையை மூடினபோது இருந்த அதே முகம். மிலோஷ் நிறுத்தவில்லை, வெறும் தந்தி கொசு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ, "கரண்டு போயிட்டா?" என்றார்கள். என் கை குமிழிலேயே இருந்தது. ஏற்றத் தோன்றவில்லை.

மச்சான் எழுந்தான். பொன்னாடை வராமலே எழுந்துவிட்டான்.

"ஏன்வே அமத்துனீரு? பிள்ள ஒரு கட்டத்துக்குக் கொண்டாந்துட்டு இருக்கா, நெஞ்சாங்கூட்டுக்குள்ள போயி நிக்கி, குறுக்க கைய வைக்கீரு! ஏத்தும்வே மாப்ளே!"

கைதட்டல். ஏற்றினேன். கூவல் திரும்ப வந்தது. மிலோஷின் தந்தி அதற்குள்ளே போயிற்று. எது மைக், எது குதிரை மயிர் என்று எனக்கே தெரியவில்லை. மச்சான் பிறகு உட்காரவே இல்லை. பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முடியும்வரை நின்றான். கோமு அவனைப் பார்த்துச் சிரித்தாள். என் மகள், என் பெட்டி, என் மைக், அவனுக்குச் சிரிப்பு.

பொன்னாடையை நான்தான் போட்டேன். அவன் அதை எடுத்து கோமு தோளில் போட்டான். என் வீட்டுக்காரி அழுதாள். எனக்கும் கண்ணில் ஏதோ. மண்டபத்தில் தூசி ஜாஸ்தி.

புரட்டாசி 7, செவ்வாய்

வெயில். மிலோஷைப் பஸ் ஏற்றிவிட்டோம். டீக்கடையில் மச்சான்: "அன்னைக்கு நான் மட்டும் இல்லேன்னா கச்சேரி அம்புட்டுத்தான்வே." நேற்றும் இதையே சொன்னானாம்.

மத்தியானம் கோமு ஒலிப்பதிவைச் சரிபார்த்தாள். பெல்கிரேடுக்கு அனுப்ப வேண்டுமாம். எனக்கும் ஹெட்போன் மாட்டிவிட்டாள். கூவல், பிறகு என் நிசப்தம், பிறகு அவன் குரல். கணீரென்று.

"நான் அமத்துன இடத்த வெட்டிரு தாயி."

"அது இருந்தாத்தானப்பா மாமா கத்துனது புரியும்?"

"அப்ப அவன் சத்தத்தையாவது கொஞ்சம் இறக்கி வையி."

கோமு என்னையே பார்த்துக்கொண்டு குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.