எல்லாருக்கும் ஓம் சொல்லும் மரைக்கார்

என் உயிரான வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கபுறுக் குழி வெளிச்சமாக இருக்கட்டும்.

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு நம் முன்கூடத்தில் இருந்தவர்கள்: என் மச்சான், அவருடைய தங்கை, வேலி வழக்கோடு வந்த நம் குடிச் சகோதரர் இருவர், கதவோரம் நான்.

சுனாமியில் நீங்கள் போன பிறகு, நம் குடி வம்சத்துக்குத் தலைவரான உங்கள் மரைக்கார் பொறுப்பு வழக்கப்படி உங்கள் தங்கச்சி மகனுக்கு வந்தது. அவர்தான் என் மச்சான், என் மாப்பிள்ளையும். பள்ளிவாசலில் குடிக்காகப் பேச வேண்டும், பிணக்குத் தீர்க்க வேண்டும். அவரோ கரையில் நின்றே கடலில் ஓடும் போட்டு இஞ்சினின் நோயைச் சத்தத்தில் அறிகிறவர். நாலு பேர் கூடினால் வியர்க்கிறவர். யுத்தம் முடிந்தால் ஆறுதல் வரும் என்றிருந்தோம். அடக்கி வைத்த காணிச் சண்டையெல்லாம் அதன் பிறகுதான் வாசலுக்கு வந்தது.

"வேலிய அங்கால தள்ளோணும்" என்றார் மூத்தவர்.

"ஓம்" என்றார் மச்சான்.

"தள்ளினா எனக்குப் பாதை இல்லையே?" என்றார் இளையவர்.

"ஓம்."

இளையவர் சிரித்துவிட்டார். "மரைக்கார், உங்கட ஓமுக்கு எத்தின பக்கம்?"

மச்சானும் சிரித்தார். வாப்பா, அந்தச் சிரிப்பு கண் வரை போகவில்லை.

"காக்காக்கு நல்ல பொறும" என்றாள் தங்கை, அண்ணனைப் பார்த்து. ஊரும் அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் சத்தம் போடுவீர்கள். அடுத்த நாள் அதே ஆளைச் சோற்றுக்கு அழைப்பீர்கள். இவருக்குக் கோபமே வருவதில்லை. வருவதற்கு உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

அவர்கள் போனதும் பின்வளவில் கழற்றிக் கிடந்த இஞ்சின் முன்னால் குந்தினார். கை அசையவில்லை.

"என்ன மச்சான்?"

"எது எங்க பூட்டுறண்டு வெளங்குதில்ல புள்ள."

அந்தக் கைவேலையும் அவரை விட்டுப் போனால் அவரிடம் என்ன இருக்கும்?

நம் குடியில் மரைக்கார் மௌத்தான பிறகுதான் பொறுப்பு கைமாறும். அடுத்த உரிமை அந்தத் தங்கையின் மகனுக்கு. புடவைக் கடைக்காரன், முறைத்துக்கொண்டு வருகிறவனையும் தேத்தண்ணி குடிக்க வைத்து அனுப்புகிறவன். அவன் கைக்கு இது போக, என் மச்சான் சாக வேண்டுமா?

அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்கிறேன் வாப்பா, அவரைப் பார்த்துக்கொண்டு இனிச் சும்மா இருக்க மாட்டேன். குடியார் எல்லாரும் வாசிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர்களே, அவரை உயிரோடு இந்தப் பொறுப்பிலிருந்து இறக்கிவிடுவீர்களா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் பதில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
உங்கள் மருமகனின் பெண்சாதி