தடித்த கழுத்து கேட்டவன்

மேல் லயம், தானா ராத்தா
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள குகனுக்கு,

இங்கே நானும் திலகாவும் சுகம். நீயும் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள். மற்ற விசாரணை பிறகு, முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேள்.

செல்லையா அண்ணன் லாரியில் போய் ஈப்போவில் காய்கறியை இறக்கிவிட்டு வரும்போது உன் பார்சலைக் கொண்டுவந்தார். பிரித்ததும் தூக்கிவாரிப்போட்டது. என் பாஸ் கிட்டாருக்குக் கழுத்துக் கட்டை பருமனாக வேண்டும், கை நிறைய வேண்டும் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். நீ அனுப்பியது அகப்பைக் காம்பு மாதிரி இருக்கிறது. பழையதைவிட ஒல்லி. கிட்டார் பட்டறையில் ஒன்றரை வருஷம் கற்றுக்கொண்டது இதுதானா?

எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு இன்னும் பதினோரு வாரம். கீபோர்டு வாசிக்கும் நாகப்பன் அண்ணன் நேராகவே சொல்லிவிட்டார்: "முடியலன்னா இப்பவே சொல்லிடு லா ரூபன், ரிங்லெட்ல வேற ஆளு இருக்கான்." அந்த மேடையில் அது பன்னிரண்டு வருஷமாக நான் நின்ற இடம். அங்கே இன்னொருத்தன் நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். வேறு செய்.

கோபத்திலும் உன் நண்பன்தான்,
ரூபன்


ஈப்போ
11 ஆகஸ்ட் 2024

அன்பு ரூபன்,

ஒன்றரை வருஷத்தில் நீ எழுதிய முதல் கடிதம், அதிலும் வசவு. இருந்தாலும் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். வீடியோ கால் போட்டால் நீ எடுப்பதில்லை. தீபாவளிக்கு வருகிறேன் என்றால் மாமனார் வீட்டுக்குப் போகிறேன் என்கிறாய். நான் தோட்டத்தை விட்டு வந்த கோபம் உனக்கு இன்னும் ஆறவில்லை என்றுதான் இருந்தேன்.

ஒல்லியாகச் செய்தது தெரிந்தேதான். இங்கே வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒல்லிக் கழுத்துதான் கேட்கிறார்கள். உனக்கோ சின்னக் கை. செல்லையா அண்ணன் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். தடித்த கழுத்தில் உன் சுண்டுவிரல் எட்டாதேடா. அந்த விரல் ஓடுகிற ஓட்டத்துக்குத்தானே நம் லயத்து வீட்டுச் சனம் விசிலடிக்கும்?

சரி, உன் கைதான் சொல்லட்டும். கோதுமை மாவில் நிறைய உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசை. கட்டை போல உருட்டு. எந்தப் பருமன் இதமாக இருக்கிறதோ, அந்த அளவில் வாசிக்கிற மாதிரியே இறுக்கிப் பிடி. தடம் கலையாமல் காயவைத்து அனுப்பு. அதைப் பார்த்து இழைக்கிறேன்.

திலகாவை விசாரித்ததாகச் சொல்.
குகனேஸ்வரன்


மேல் லயம், தானா ராத்தா
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள குகனுக்கு,

மாவு வருகிறது. நான் இப்போது மலைவேலையில் இல்லை, ஃபாக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் பக்கம் இருக்கிறேன். அங்கே ட்ரையர் சூட்டில் மூன்று நாள் வைத்துக் காயவைத்தேன். புது பிஸ்கட்டா என்று கணக்கெழுதும் கிராணி கேட்டுவிட்டுப் போனார்.

மாவைத் தானே பிடித்துத் தருவதாகத் திலகா சொன்னாள். வேண்டாம் என்று நானே பிடித்தேன். இந்தப் பருமன் போதும்.

ரூபன்


ஈப்போ
1 செப்டம்பர் 2024

ரூபன்,

மாவைப் பிரித்துவிட்டு வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் பதிந்திருக்கிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. மற்ற இரண்டு விரலுக்கான இடம் வழவழவென்று கிடக்கிறது. செல்லையா அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்பா. அந்த ரெண்டு வெரலும் மடங்காது" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தோட்டத்தில் என் கடைசி நாள். கொழுந்து வெட்டும் மெஷினை நீயும் நானும் ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தோம். எஞ்சின் என் பக்கம். கத்தியில் கிளை சிக்கியது. எஞ்சின் பக்கத்து ஆள் 'நின்னுடுச்சு' என்று சத்தம் கொடுத்த பிறகுதான் மற்றவன் கத்தியில் கை வைக்க வேண்டும். நான் கொடுத்தேன். ஈப்போ பஸ் போய்விடுமே என்ற நினைப்பில், எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். நீ அதை நம்பிக் கை வைத்தாய்.

"கையுறதான் கிழிஞ்சுச்சு, நீ கெளம்பு" என்றாய். மழைக்கோட்டுப் பையில் விட்ட இடது கையை நீ வெளியே எடுக்கவே இல்லை. நான் உன்னைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன், ஓடிவிட்டேன். நீ சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கட்டையை இழைத்து நானே கொண்டுவருகிறேன்.

குகன்


மேல் லயம், தானா ராத்தா
6 அக்டோபர் 2024

அன்புள்ள குகனுக்கு,

கட்டை வந்தது. நீ வரவில்லை.

காலையிலிருந்து வாசலில் நின்றேன். திலகா உனக்கும் சேர்த்துச் சமைத்திருந்தாள். செல்லையா அண்ணன் தனியாக இறங்கினார். அவர்தான் நடந்ததைச் சொன்னார். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கோலா தெர்லா வரை வந்தாயாம். அங்கே டீ குடிக்க நிறுத்தியபோது அதை அவரிடம் கொடுத்துவிட்டு, எதிரே வந்த லாரியில் ஏறித் திரும்பிவிட்டாயாம். இவ்வளவு கிட்ட வந்துவிட்டுமா?

உண்மையைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் உன்னைத் திட்டாத நாள் இல்லை. விரலுக்காகக்கூட இல்லை, நீ திரும்பிப் பார்க்காமல் ஓடியதற்காக. அன்று கையைக் காட்டியிருந்தால் நீ நின்றிருப்பாய், பட்டறை வேலை போயிருக்கும். அதனால் மறைத்தேன். பிறகு மறைப்பதே பழகிவிட்டது. அந்தத் தப்பு என்னுடையது. திலகா மாவைப் பிடித்திருந்தால் நாலு விரலும் பதிந்திருக்கும். இனியாவது உனக்குத் தெரியட்டும் என்றுதான் நானே பிடித்தேன்.

கட்டையை மாட்டிப் பார்த்தேன். ஒல்லிக் கழுத்தில் கட்டைவிரல் நெரித்து நெரித்துப் பத்து நிமிஷத்தில் கை மரத்துப்போகும். இதை உள்ளங்கையே தாங்கிக்கொள்கிறது. இரண்டு விரலை வைத்து நிதானமாக நடக்கிற மாதிரி வாசிக்கிறேன். பழைய ஓட்டம் இல்லை, அதற்காக ஒருநாள் அழுதேன். நாகப்பன் அண்ணன் கேட்டுவிட்டு, ரிங்லெட் ஆள் வேண்டாம் என்றார்.

திருவிழா பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை சத்தம் கொடுக்க வேண்டியவன் நான். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: நின்னுடுச்சு குகன். வரலாம்.

கோலா தெர்லாவில் டீக்கு நிறுத்தக் கூடாது என்று செல்லையா அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ரூபன்