சூடு தெரியாத கால்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். அப்பாவைக் கடல் கடந்து யாத்திரை கூட்டிப் போவதை டிக்கெட் எடுத்த பிறகுதான் சொல்கிறாய். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு ஜாண் என்ன, முழம் என்ன? இதையாவது கேள்.

இன்சுலினும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் திண்டாட்டம். விடுதி முகவரியை அந்த நாட்டு மொழியிலேயே எழுதி அப்பா சட்டைப்பையில் வை. முக்கியமானது கால். காலமெல்லாம் பஸ் ஓட்டிய கால். சர்க்கரை வந்த பிறகு அதற்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. அங்கே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். தடித்த காலுறை அனுப்பியிருக்கிறேன். அதற்குத் தடை இல்லை, விசாரித்துவிட்டேன். சக்கர நாற்காலிக்கும் சொல்லிவை. வார்டில் தினமும் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவள் சொல்கிறேன்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
தங்கை

ஏப்ரல் 15

அன்புள்ள வாயாடிக்கு,

சுகமாக இங்கே வந்து சேர்ந்தோம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி, "நாம யாத்திரைக்குப் போறோமா, ஆஸ்பத்திரிக்கா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆண்டவன் முன்னால் காலுறையோடு போவார்களா? உச்சிவெயிலில் அந்தப் பெரிய கல்முற்றத்தை அப்பா வெறுங்காலோடு கடந்தார். "சுடுதாப்பா?" என்றேன். "பஞ்சு மாதிரி இருக்குடா" என்றார். பார்த்தாயா, பக்தி இருந்தால் கல்லும் பஞ்சாகும்!

ஆசியுடன்,
அண்ணன்

மே 9

அண்ணா,

அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்களை இன்று எடுத்துவிட்டார்கள். யாத்திரை முடிந்து என் வாசலில் நீ இறக்கிவிட்டபோதே அந்தக் காலில் வாடை அடித்தது. "கொஞ்சம் அசதி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, ஓட்டிவந்த வண்டியை அணைக்காமலே கிளம்பினாய். அவருக்குக் கல் பஞ்சாகத் தெரிந்தது பக்தியால் இல்லை, நோயால்.

நாற்காலி கிடைக்கவில்லையோ என்று உனக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மயக்கம் தெளிந்ததும் அப்பாவே சொன்னார், சிரித்துக்கொண்டே: "நாற்காலி இருந்துச்சும்மா. அண்ணி வாங்கின சாமானெல்லாம் அதுல வச்சு அண்ணன் தள்ளிட்டு வந்தான். நான் பிடிச்சுக்கிட்டே நடந்தேன்."

மூட்டை உட்கார்ந்து வந்திருக்கிறது. அப்பா நடந்து வந்திருக்கிறார். உனக்குச் சோறு எப்படி இறங்குகிறது?

தங்கை

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். எல்லாம் அவன் செயல், நம் கையில் என்ன இருக்கிறது? அப்பாவைப் பார்க்க வர நினைத்தேன், வேலை விடவில்லை.

ஒரு நல்ல செய்தி. எங்கள் யாத்திரைச் சங்கத்தில் அடுத்த யாத்திரைக்கு என்னைக் குழுத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அன்று எனக்கு எழுதினாயே, அதுபோல் அவர்களுக்கும் குறிப்பு எழுதிக் கொடேன். உனக்கும் புண்ணியம்.

அண்ணன்

ஜூலை 1

அண்ணாவுக்கு,

குறிப்பு இத்துடன் இருக்கிறது. அவர்கள் யாரையோ பெற்றவர்கள். உன்மேல் உள்ள கோபத்தை அவர்கள்மேல் காட்ட மாட்டேன். வெயில் ஏறுமுன் அழைத்துப் போ. விடுதிக்குத் திரும்பியதும் ஒவ்வொருவர் பாதத்தையும், விரலிடுக்கையும், நீயே குனிந்து பார். கொப்புளம் கண்டால் அப்போதே மருத்துவரிடம் போ. இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். "ஒரு பெரியவருக்கு இப்படி ஆச்சு" என்று மழுப்பாதே. "எங்க அப்பாவுக்கு" என்று சொல். கூட்டிப் போனது யார் என்றும் சொல்.

அப்பா சுவரைப் பிடித்து அறைக்குள் நடக்கிறார். நேற்றுக் கட்டு மாற்றும்போது கேட்டார்: "அடுத்த தடவை அண்ணன் என்னையும் கூட்டிட்டுப் போவானாம்மா?"

அந்தக் கேள்வியில் உன்மேல் ஒரு துளிக் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா" என்றேன்.

உன் குழுவில் எங்களுக்கு இடம் வைக்காதே.

இப்படிக்கு,
அப்பாவின் மகள்