ஏகாம்பரம் கேட்ட கை

பங்குனி 20, திங்கள்

காலையிலேயே புழுக்கம். லென்ஸ் துடைத்தேன். பிலிம் இரண்டு ரோல். போதும்.

விழாக் கமிட்டி முருகேசன் ஸ்டுடியோவுக்கு வந்தார். நாளை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் நாதஸ்வரக் கச்சேரி. பிளாஷ் கூடவே கூடாது என்று வித்வான் சொல்லிவிட்டாராம். போன வருஷம் யாரோ முகத்துக்கு நேரே அடித்ததில் பாதி ராகத்தில் எழுந்து போனவர்.

"லைட் இல்லாம இன்னாத்தப்பா எடுப்ப?"

"எடுப்பேன்."

"படம் வரலன்னா அடுத்த திருவிழாவுக்குக் காஞ்சிபுரத்து ஆளுதான். சொல்லிட்டேன்."

சொல்லட்டும். உத்திரமேரூரில் இருட்டில் படம் எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

டீக்கடையில் தவில்காரர் ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார். மாகறல்காரர். "மூஞ்சி வராட்டி போவுது. கை வரணும் நைனா. வூட்ல மாட்டப் போறேன்." தலையாட்டி வைத்தேன். ஆட்டியிருக்க வேண்டாம்; வெளிச்சம் இல்லாமல் ஓடுகிற கை படத்தில் நிற்காது.

21, செவ்வாய்

மண்டபத்தில் இரண்டே டியூப்லைட். ஒன்று கண் சிமிட்டுகிறது. பெட்ரோமாக்ஸ் ஒன்று கேட்டு வாங்கி மேடைக்கு இடப் பக்கம் வைத்தேன். முதுகு தூணில், முழங்கை விலாவில். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அமுக்க வேண்டும். வித்வான் ஒரே சுரத்தை இழுத்து நிறுத்தும்போது ஆள் அசைவதே இல்லை. அந்த இடம் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

பிறகு தவில் தனி. ஏகாம்பரத்தின் கை நிற்கிற இடமே கிடையாது. விடவில்லை, எடுத்தேன்.

ஒரு ரோல் முடிந்தபின் முருகேசன் காதோரம் வந்து: "எப்பதான்யா எடுக்கப் போற?"

"எடுத்துக்கினுதான் கீறேன்."

"பளிச்னு ஒண்ணும் அடிக்கலயே?"

பின்னால் ஒரு அம்மாள்: "கேமரா ரிப்பேராம். பாவம்."

பளிச்சென்று அடித்தால்தான் படம் என்று நினைக்கிற ஊர். அதிலும் ஒரு லாபம். யாரும் விறைத்துக்கொண்டு உட்காரவில்லை.

22, புதன்

பிலிம் கழுவினேன். வெளிச்சம் குறைவு என்பதால் வழக்கத்தைவிட அதிக நேரம் மருந்தில். இருட்டறைக்கு வெளியே மனைவி வசந்தா: "சோறு ஆறிக்கினு கீது." ஆறட்டும்.

பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். வித்வான் அருமை. மூடின கண், உப்பின கன்னம், ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். எனக்கு நானே சபாஷ்.

ஏகாம்பரத்தின் முகமும் பிசகில்லை. கைதான் இல்லை. தவிலின் ஓரத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ. எல்லாப் படத்திலும் அதே. மனுஷன் கேட்டது அது ஒன்றுதான்.

வசந்தா பார்த்துவிட்டு: "கைய எங்க வெச்சிட்டு வந்தாரு?"

சோறு இறங்கவில்லை.

24, வெள்ளி

லேசான தூறல். முருகேசனும் ஏகாம்பரமும் ஒன்றாக வந்தார்கள்.

வித்வான் படம் பார்த்து முருகேசன், "லைட் இல்லாமலா?" என்றார். அடுத்து ஏகாம்பரம் படத்தை நீட்டினேன். "அட, கை எங்கய்யா? அழிஞ்சி பூடுச்சே! காஞ்சிபுரத்து ஆளா இருந்தா..."

ஏகாம்பரம் படத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நான் மன்னிப்புக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"போன வருசம் பிளாஷ்ல எடுத்தானே முருகேசா, அதுல என் கை தெளிவா கீது. வெரல் வெரலா தெரியும். பாத்தவன் இன்னா கேட்டான் தெரிமா? தவுல் மேல சும்மா கை வெச்சிக்கினு போஸ் குடுத்தியான்னு."

புகையை விரலால் தொட்டார்.

"இதான்டா வாசிக்கிற கை. பெர்சா போட்டுக் குடு நைனா."

முருகேசன் கிளம்பும்போது, "அடுத்த திருவிழாவுக்கும் அந்த பிளாஷ எடுத்துக்கினு வராத" என்றார்.

பெரிய சைஸ் பேப்பர் தீர்ந்துவிட்டது. நாளை காஞ்சிபுரம் போய் வாங்க வேண்டும்.