சொன்னதற்காக வந்தவர்

அண்ணா,

அடுப்பில் பால் விடாத காபி கொதிக்கிறது. இந்த வீட்டில் அதைக் குடிக்க ஆள் கிடையாது. ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் ஆனால் கை தானாகப் பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுகிறது. அந்தக் கசப்பு வாசனை கூடத்துக்கு வந்தால் நீங்களே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. போன மாதம் உங்கள் மகள் போன் செய்து, நீங்கள் கண்ணை மூடிவிட்டதாகச் சொன்னாள். தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் இரண்டு பேரும் அழுதோம்.

ஜெர்மனியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் புது மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர் நீங்கள். தங்கியது பருத்திப்பட்டில், எங்கள் தெருவிலேயே. உங்களுக்குக் கார் ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அந்த மனுஷன் வாயிலிருந்து தமிழ் கற்றுக்கொண்டால் எப்படி இருக்கும்? அத்தனை உயரத்துக்கு வாசலில் நின்றுகொண்டு "இன்னா தங்கச்சி, நல்லாக்கீறியா?" என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"கெளம்பசொல்ல போறேன்னு சொல்லாத அண்ணாத்தே. போய்ட்டு வரேன்னு சொல்லணும்" என்று, கிளம்பும்போது சொல்ல வேண்டியதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு அப்படியே சொல்லிவிட்டுப் போனீர்கள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் கதவு தட்டுகிறது. பார்த்தால் நீங்கள்!

"இன்னா அண்ணாத்தே, எதுனா மறந்துட்டியா?"

"வரேன்னு சொன்னேன். வந்துட்டேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அது சும்மா சொல்வது என்று விளக்கினோம். "சும்மா இன்னாத்துக்கு சொல்றது?" என்றீர்கள். உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்ற என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி சேருமுன்னே போய்விட்டார். பந்தலுக்கடியில் நீளமான கால்களை மடக்க முடியாமல் மடக்கி வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு எழுந்து, என் முன்னால் வந்து கைகூப்பிச் சொன்னீர்கள்: "போய்ட்டு வரேன், தங்கச்சி."

பந்தலில் இருந்த எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பியது. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடுமாம். இந்த ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லித் தராமலே அவர் போய்விட்டார். "யோவ், எழவு ஊட்ல வந்து இன்னா பேச்சு பேசுற நீ?" என்று என் நாத்தனார் சீறினாள். உங்கள் முகம் சிவந்துபோனது.

எனக்குக் கோபமே வரவில்லை அண்ணா. பிள்ளை குட்டி இல்லாதவள் நான். காரியம் முடிந்ததும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், அப்புறம் இந்த நாலு சுவருக்குள் என்னை யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அத்தனை கூட்டத்தில் வருகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

எல்லாரும் போனார்கள். ஞாயிறு சாயங்காலம் கதவு தட்டியது. கையில் பிஸ்கட் பாக்கெட்டும் முகம் நிறையப் பயமுமாக நின்றீர்கள்.

"தப்பா சொல்லிட்டேன். ஆனா சொல்லிட்டேன். அதான் வந்தேன்."

அழுதுகொண்டே சிரித்தேன். உங்கள் ஊருக்குத் திரும்பும்வரை அந்த ஞாயிறுகளை நீங்கள் விடவில்லை. உங்கள் ஊர்க் குளிர், என் முட்டிவலி, அவர் செய்த கூத்துகள் என்று ஏதாவது பேசுவோம். சீறிய நாத்தனாரே பிறகு உங்களுக்கென்று மீன் வறுத்துக் கொடுத்தனுப்பினாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் அண்ணா. அதற்கு நீங்களும் ஒரு காரணம்.

போன வாரம் பின்தெரு கஸ்தூரியின் புருஷன் தவறிவிட்டார். அவள் சுவரைப் பார்த்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரையும் போல நானும் பேசாமல் எழுந்து செருப்பு மாட்டப் போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய் அவள் காதோரம் சொன்னேன்: "போய்ட்டு வரேன் கஸ்தூரி." பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். அவள் என் கையை விடவில்லை.

காபி கொதித்துவிட்டது. பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டேன். உங்கள் கசப்பை அவள் தாங்கமாட்டாள். காத்துக்கொண்டிருப்பாள்.

போய்ட்டு வரேன், அண்ணா.