இறக்கச் சொன்னது யார்

மார்ச் 6

என்னைக் கேட்காமல் என் வண்டியைத் தாழ்த்திவிட்டார்கள். நான் நிமோனியாவோடு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் பார்த்து, பட்டறைக்காரன் (ஊரில் எல்லோருக்கும் அவன் பெயர் ஸ்பானர்) நான்கு சக்கரத்தின் ஸ்ப்ரிங்குகளையும் கழற்றிவிட்டுக் குட்டையான, விறைப்பான ஸ்ப்ரிங்குகளை மாட்டியிருக்கிறான். நான் வண்டியை விட்டது கிளட்சுக்காக. ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. அதைப் பார்க்கச் சொன்னால் இதைச் செய்திருக்கிறான்.

அந்தக் குட்டை ஸ்ப்ரிங்குகள் நான் ஆசைப்பட்டு வரவழைத்தவைதான். இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வருடமாகப் பட்டறை அலமாரியில் கிடந்தன. கிடக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன். மாட்டு என்று எவனிடமும் சொல்லவில்லை.

முப்பத்தொரு வயது வண்டி. கப்பலில் வந்தது. இப்போது வாசலில் தரையை மோந்து பார்ப்பதுபோல் நிற்கிறது.

மனைவி முன்னிருக்கையில் ஏறினாள். தெருமுனை வேகத்தடை வரைதான் போனோம். "டொம்" என்று ஒரு சத்தம். முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவளுக்கு ஏற்கெனவே முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது.

"இனிமே இதுல நான் ஏறுறதா இல்லைங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

இருபத்தாறு வருடமாக அது அவள் இருக்கை. வேறு யார் உட்கார்ந்தாலும் எனக்கு வண்டி ஒரு பக்கம் இழுப்பதுபோல் இருக்கும்.

மார்ச் 7

பட்டறைக்குப் போனேன். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். நிற்கட்டும்.

"யாரைக் கேட்டு இறக்கின?"

"ஐயா, நீங்க சொல்லித்தானே..."

"நானா? மூக்குல குழாயை வச்சுக்கிட்டு நானா சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொல்லாதே."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். பிறகு மெதுவாக, "கிளட்ச் தட்டு எதுன்னு மட்டும் சொல்லிடுங்கய்யா. நீங்க தேர்ந்தெடுக்காம நான் போட மாட்டேன்" என்றான்.

இதை மட்டும் என்னைக் கேட்கிறானாம்!

மார்ச் 9

சாப்பாட்டுக்குப் பிறகு உதிரிபாகக் கேட்டலாக்கை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். வண்டி பிறந்த நாட்டின் இந்த மொழியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வண்டியோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்து, சொல் சொல்லாக, நாலு வருடம் உட்கார்ந்து படித்தவன் நான்.

செராமிக் தட்டு: கடித்தால் விடாது. எந்த ஏற்றத்திலும் நழுவாது. ஆனால் கிளம்பும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டும். கூடவே கனமான அழுத்தத் தட்டு, அதனால் பெடலும் கனம்.
சாதா தட்டு: வழுக்கிக்கொண்டு வந்து பிடிக்கும். பெடல் லேசு. அதிகம் முறுக்கினால் சீக்கிரம் தேயும்.

எனக்குப் பிடித்தது செராமிக். சந்தேகமே இல்லை.

படித்தபடியே கண் சொருகிவிட்டது. வண்டி மலைப்பாதையில் போகிறது. சக்கரம் தரையைத் தொடவில்லை. வளைவுகள் தாமாகவே விலகி வழிவிடுகின்றன. கிளட்சை மிதிக்கக் காலைத் தூக்குகிறேன், அங்கே பெடலே இல்லை. இல்லாதது நல்லதாகத்தான் இருந்தது. பக்கத்தில் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். பனி உள்ளே வந்து அவள் மடியில் உட்கார்கிறது. தட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். விழித்துக்கொண்டேன். மடியில் கேட்டலாக்.

மார்ச் 10

ஸ்பானர் போன் செய்தான். எடுக்கவில்லை.

மார்ச் 12

மச்சினன் வந்தான். வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்து, "அத்தான், இப்பதான் இதுக்கு வாலிபம் திரும்பியிருக்கு" என்றான்.

"உங்க அக்காவை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்லு."

"அக்கா வர மாட்டேங்குதே. உங்களுக்கு வண்டி வேணுமா, அக்கா வேணுமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். காபியைக் குடிக்காமல் எழுந்து உள்ளே போனேன். கேள்வியா இது?

மார்ச் 13

இது எனக்கே தோன்றிய யோசனை. உடம்பு எடை பார்க்கும் மெஷினைச் சுவரோடு சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலால் மிதித்துப் பார்த்தேன். கனமான கிளட்சுக்கு இருபது கிலோ மிதிக்க வேண்டும். மிதித்தேன். மூன்றாவது தடவை தொடை நடுங்க ஆரம்பித்தது.

அவள் வாசல்நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "சுவர் என்னங்க பண்ணுச்சு உங்களை?" என்றாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை காலைத் தின்றுவிட்டது. ஒரு மாதத்தில் சரியாகிவிடும். செராமிக்தான்.

மார்ச் 15

பட்டறைக்காரர் சங்கத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதி அவளிடம் காட்டினேன். என் எழுத்துப் பிழைகளை அவள்தான் திருத்துவாள். இரண்டு இடத்தில் ஒற்றெழுத்துப் போட்டாள். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

"இதை அனுப்பாதீங்க."

"ஏன்?"

"நீங்கதான் சொன்னீங்க. நான் கட்டில் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் நூத்திமூணு. போனைக் குடு குடுன்னு பிடுங்கினீங்க."

நான் சொன்னதை என் குரலிலேயே சொல்லிக்காட்டினாள்:

"'வண்டியை இறக்கிடுப்பா.' 'எவ்வளவு ஐயா இறக்கணும்?'னு அவன் கேக்குறான். 'எவ்வளவுன்னு என்ன கேள்வி? நல்லா இறக்கு. தரையோட சேர்ந்தாப்புல இருக்கணும்!'"

"பட்டறையில வண்டியைத் தூக்கி நிறுத்துற லிஃப்ட்டிலிருந்து இறக்கச் சொல்லியிருப்பேன்."

"எனக்கு அது இப்பத்தான் புரியுது. அவனுக்கு எப்படிப் புரியும்? ரெண்டு வருஷமா அவன்கிட்ட எந்த இறக்குறதைப் பத்திப் பேசினீங்க?"

புகாரை மடித்து வைத்தேன். பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சண்டை போடப் போடத்தான் உங்களுக்கு உடம்பு தேறுச்சு. சரி, நடக்கட்டும்னு விட்டுட்டேன்."

மார்ச் 16

ஞாபகம் வருகிறது. முழுதாக இல்லை, தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி. ஆஸ்பத்திரிக் கூரையின் வெள்ளையில் வண்டி தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒன்றுமில்லை. நான்கு சக்கரமும் கால்களைப்போல் தொங்கின. யாரோ அதைத் தூக்கிவிட்டு மறந்து போயிருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. அது கீழே வந்தால் எனக்கும் மூச்சு வரும் என்று இருந்தது. கீழே, இன்னும் கீழே, தரையோடு.

அப்படியானால் சொன்னது நான்தான்.

ஆனால் லிஃப்ட்டைத்தான் நினைத்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

மார்ச் 17

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 19

காலையில் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றோரச் சாலைக்குப் போனேன். வளைவுகளில் அது சாயவே இல்லை. கோடு போட்டதுபோல் போனது. இருபது வருடமாக நான் கண்ணை மூடினால் ஓட்டுகிற ஓட்டம் அதுதான், நூலிழை பிசகாமல். காலை வெயில் தண்ணீரிலிருந்து எழுந்து கண்ணாடியில் மிதந்தது. ஒரு வளைவு முடிந்ததும், "பார்த்தியா?" என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். பக்கத்து இருக்கையின் பெல்ட் கொக்கி மட்டும் கதவோரக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 20

செய்ய வேண்டியவை:

ஸ்பானர்: கழற்றிய பழைய ஸ்ப்ரிங்குகளைத் துடைத்து மறுபடி மாட்டுவது. ஷாக் அப்சார்பர் நான்கும் புதிது, மென்மையான வகை. மூட்டுகளில் இருக்கிற ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுவது.

ஸ்பானர்: சாதா கிளட்ச் தட்டு. அழுத்தத் தட்டு கம்பெனி கொடுத்த கனத்திலேயே.

ஸ்பானர்: குட்டை ஸ்ப்ரிங்குகளை வேண்டியவருக்குக் கொடுத்துவிடுவது. யாருக்கு என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

மச்சினன்: நாளை வண்டியைப் பட்டறையில் விடுவது. வேகத்தடையில் மெதுவாக. பேசாமல்.

நான்: பட்டறையில் நாலைந்து பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், இறக்கச் சொன்னது நான்தான் என்று சொல்வது. லிஃப்ட் பேச்சை எடுக்கக் கூடாது.

அவள்: வண்டி வந்ததும் ஏறி உட்கார்ந்து, இருக்கையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று சொல்வது. எங்கே போகலாம் என்பதையும் அவளே சொல்வது.